யாருடைய பாதுகாப்பு?

தில்லியில் இரவு பத்து மணிக்கு மேல் தனியே நடந்துவரும் பெண், பின்னால் கேட்கும் காலடியோசைக்கு அஞ்சி நடையை விரைவுபடுத்தினால் அதைத் தவறென்று எவரும் கூற முடியாது. 2012 டிசம்பர் கொடுமைக்குப் பிறகு, அந்த அச்சத்துக்கு விளக்கம் கேட்கும் தகுதி இந்நகரத்துக்கு இல்லை. ஆனால், அச்சம் காலடியோசையால் எழுகிறதா, திரும்பிப் பார்த்ததும் தெரியும் முகத்தால் எழுகிறதா என்பது வேறு கேள்வி. முனிர்க்காவிலும் ஹுமாயூன்பூரிலும் வாடகைக்குக் குடியிருக்கும் வடகிழக்கு மாநில இளைஞர்களும், கிர்க்கியில் வாழும் ஆப்பிரிக்கர்களும் இந்தக் கேள்வியை அன்றாடம் எதிர்கொள்கின்றனர்.

2007-ல் தில்லி காவல்துறை, வடகிழக்கிலிருந்து வரும் மாணவர்களுக்கென்று ஒரு பாதுகாப்புக் கையேட்டை வெளியிட்டது. உள்ளூர் மக்களின் உணர்வுகளுக்கு ஏற்ப உடுத்த வேண்டும், மூங்கில் குருத்து போன்ற மணம் மிகுந்த உணவுகளை அக்கம்பக்கத்தில் பிரச்னை எழாதவாறு சமைக்க வேண்டும் என்றெல்லாம் அது அறிவுறுத்தியது. தாக்கப்படுபவருக்கு அறிவுரை; தாக்குபவருக்கு ஒரு வரிகூட இல்லை! நெய்யும் வெங்காயமும் தாளிக்கும் வாசம் பக்கத்து வீட்டுக்குச் செல்லக்கூடாது என்று தில்லிவாசிகளுக்கு எந்தக் காவல்துறையும் கையேடு அச்சிட்டதில்லை.

2014 ஜனவரியில் கிர்க்கியில் நடந்தது இதன் மறுபக்கம். அங்கு வசித்த ஆப்பிரிக்கப் பெண்களால் பகுதியின் பாதுகாப்புக்குக் கேடு என்ற புகாரோடு, அப்போதைய மாநில சட்ட அமைச்சரே ஆதரவாளர்கள் புடைசூழ நள்ளிரவில் சென்று சோதனையிட வற்புறுத்தினார். ஆணையின்றி வீடு புக முடியாது என்று காவல்துறை மறுத்தது. என்றாலும், உகாண்டா நாட்டுப் பெண்கள் சிலர் அந்த இரவிலேயே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டுப் பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்டனர். புகார் கூறியவர்களின் அச்சம் முழுவதும் பொய் என்று தள்ளிவிட வேண்டியதில்லை. குற்றம் நடந்திருந்தால் விசாரிக்கட்டும். ஆனால், ஒருவர் செய்ததாகச் சொல்லப்படும் குற்றத்துக்கு அதே நிறத்தவர் அனைவரையும் தெருவில் நிறுத்துவது எந்த வகையான எச்சரிக்கை?

அடுத்த இரு வாரங்களில், லாஜ்பத் நகரில் அருணாசலப் பிரதேச இளைஞர் நிடோ தானியாவின் தலைமுடியைச் சிலர் கேலி செய்தனர். அவர் வாளாவிருக்கவில்லை, கடையின் கண்ணாடி உடைந்தது. தாக்கப்பட்ட அவர் மறுநாள் இறந்தார். அன்றுமுதல் வடகிழக்குப் பெற்றோர் பிள்ளைகளை ரயிலேற்றும்போது சொல்லக்கூடிய அறிவுரை ஒன்றுதான்: என்ன சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காதே. உயிரைக் காக்க இது விவேகமான அறிவுரையே. அதற்கு விலையாக, இழிசொல்லை விழுங்கிக்கொண்டு நடக்க வேண்டும் என்பதுதான் கொடுமை.

நிடோவின் மரணத்தை அடுத்து அமைக்கப்பட்ட எம்.பி. பெஸ்பருவா குழு, இனத்தைக் குறித்து இழிவுபடுத்தும் சொல்லையும் செயலையும் தண்டிக்க இந்திய தண்டனைச் சட்டத்தில் தனிப் பிரிவுகள் சேர்க்குமாறு 2014-லேயே பரிந்துரைத்தது. வடகிழக்கு மக்களுக்கென தில்லி காவல்துறையில் தனிப் பிரிவும் 1093 என்ற உதவி எண்ணும் வந்தன, அவை பயனுள்ளவையே. கண்காணிப்புக் குழு அமைக்க 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆயினும் 2020 மார்ச்சில், வடகிழக்கு முகங்களைப் பார்த்து 'கரோனா' என்று தெருவில் கூவியபோது, மத்திய உள்துறை அமைச்சகம் மாநிலங்களுக்குக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று.

'மதராஸி' என்ற ஒற்றைச் சொல்லில் தென்னாட்டவர் அனைவரையும் அடைத்த தில்லி, தமிழருக்குப் புதிதல்ல. தமிழகத்தில் ஏதேனும் திருட்டு நடந்தால் முதலில் வடமாநிலத் தொழிலாளியின்மீது பார்வை திரும்புவதும் புதிதல்ல.

2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், பெஸ்பருவா குழு கேட்ட அந்தத் தனிப் பிரிவுகள் இல்லை. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து இனத்தின் பெயரால் கொலை செய்தாலோ கொடுங்காயம் விளைவித்தாலோ தண்டிக்க அதில் வழி உண்டு. லாஜ்பத் நகரில் எல்லாம் தொடங்கியது ஒரு கேலியில்.