35 மார்க் போதுமா?

"என் பையன் பாஸ்!"

பரீட்சை முடிவு வந்ததும் பல வீடுகளில் கேட்கும் குரல் இது. 35 மார்க் வந்துவிட்டால் போதும். வீட்டில் ஒரே மகிழ்ச்சி. தெருவுக்கே மிட்டாய் கொடுப்பவர்களும் உண்டு.

அந்த மகிழ்ச்சியைக் கெடுப்பது என் நோக்கம் அல்ல. ஆனால், ஒரு கேள்வி கேட்காமல் இருக்க முடியவில்லை.

100-க்கு 35 தெரியும் என்றால், தெரியாதது எவ்வளவு? 65!

அந்த 65 எங்கே போகிறது? எங்கும் போவது இல்லை. பையனோடு சேர்ந்து அதுவும் அடுத்த வகுப்புக்குப் போகிறது.

"இவனுக்குக் கணக்கே வராது!"

எங்கள் தெருவில் ஒரு பையன் இருக்கிறான். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். ஒரு நாள் அவனுடைய தந்தை அவனை என்னிடம் அழைத்து வந்தார்.

"இவன் ஒரு மண்டு சார். இவனுக்குக் கணக்கே வராது" என்றார். பையன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

கணக்கு இதுதான்: ஓர் எண்ணின் பாதியையும், அதே எண்ணின் மூன்றில் ஒரு பங்கையும் கூட்டினால் 10 வருகிறது. அந்த எண் எது?

பையன் 25 என்று எழுதி இருந்தான்.

"25-ல் பாதி எவ்வளவு?" என்று கேட்டேன்.

"பன்னிரண்டரை."

"பாதியே 10-க்கு மேல் போய்விட்டதே! அதோடு இன்னும் சேர்த்தால் எப்படி 10 வரும்?"

பையன் விழித்தான்.

அவன் எங்கே தவறினான் தெரியுமா? அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டும்போது, மேலே இருப்பதை மேலே இருப்பதோடும், கீழே இருப்பதைக் கீழே இருப்பதோடும் கூட்டிவிட்டான். "ஐந்தில் இரண்டு" என்று போட்டுவிட்டான். மற்றபடி அவன் போன வழி சரியான வழிதான்.

ஐந்தில் இரண்டு என்பது அரையைவிடக் குறைவு. அரைத் தோசையோடு இன்னொரு துண்டையும் வைத்தால், அரைத் தோசைக்கும் குறைந்து போகுமா?

காகிதத்தில் ஒரு தோசை வரைந்தேன். அதை 6 சம துண்டுகளாகப் பிரித்தேன். பாதி என்றால் 3 துண்டு. மூன்றில் ஒரு பங்கு என்றால் 2 துண்டு. கூட்டினால் 5 துண்டு. அதாவது, ஆறில் ஐந்து.

"அப்படியானால் 5 துண்டு 10. ஒரு துண்டு 2. முழுத் தோசை 12!" என்று அவனே சொன்னான். முகம் மலர்ந்துவிட்டது.

அவனுக்கு வராதது ஒன்பதாம் வகுப்புக் கணக்கு அல்ல. சின்ன வகுப்பில் விட்டுப்போன பின்னம்! காலில் தைத்த முள்ளை யாரும் எடுக்கவில்லை. நொண்டுகிறான் என்று திட்டினார்கள். அவ்வளவுதான்.

தையல் கடையைப் பாருங்கள்

தையல் கடையில் வேலைக்குச் சேரும் பையனிடம் முதல் நாளே கத்தரிக்கோலைக் கொடுப்பார்களா? மாட்டார்கள். முதலில் காஜா எடுக்க வேண்டும். பட்டன் கட்ட வேண்டும். அது சுத்தமாக வந்த பிறகுதான் அடுத்த வேலை.

"காஜா 35 சதவீதம் வந்துவிட்டது. இனி கோட்டு தைக்கலாம்" என்று எந்த மாஸ்டரும் சொல்வது இல்லை.

தையலுக்கு உள்ள இந்த நியாயம் படிப்புக்கு மட்டும் ஏன் இல்லை?

இதே கேள்வியை அமெரிக்காவில் ஒருவர் கேட்டார். சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் பெஞ்சமின் புளூம். 1968-ம் ஆண்டு அவர் ஒரு கருத்தை வெளியிட்டார். போதிய நேரமும் தக்க உதவியும் கொடுத்தால், மாணவர்களில் 100-க்கு 90 பேருக்கு மேல்கூடப் பாடத்தை முழுமையாகக் கற்கலாம் என்றார்.

வழி எளிதானது. ஒரு பாடம் முடிந்ததும் சின்னப் பரீட்சை. மார்க் போடுவதற்கு அல்ல. எது புரியவில்லை என்று கண்டுபிடிப்பதற்கு! புரியாதவர்களுக்கு வேறு விதமாகச் சொல்லிக் கொடுத்து, மறுபடியும் பரீட்சை. புரிந்தவர்கள் அதற்குள் அதே பாடத்தில் இன்னும் ஆழமாகப் போகலாம்.

சென்னை காட்டிய வழி

"ஒரு ஆசிரியர். 40 பிள்ளைகள். தனித்தனியாகக் கவனிக்க முடியுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. குறித்த நாளுக்குள் பாடத்தை முடிக்க வேண்டிய கஷ்டமும் ஆசிரியருக்கு உண்டு.

இதற்குச் சென்னையிலேயே ஒரு பழைய பதில் இருக்கிறது.

1789-ம் ஆண்டு ஆண்ட்ரு பெல் என்ற பாதிரியார், சென்னையில் ராணுவத்தினரின் பிள்ளைகளுக்கான அனாதைப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். இங்குள்ள நாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில், பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தம் பள்ளியிலும் அப்படியே செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் இணங்கவில்லை. உடனே 8 வயது மாணவன் ஒருவனை அழைத்து, சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கச் சொன்னார். அது பலித்தது! 1797-ல் அவர் லண்டனில் வெளியிட்ட சிறு நூல் மூலம், "மதராஸ் முறை" வெளிநாடுகளுக்கும் பரவியது.

நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளையை நினைவில்லையா? தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்லிக் கொடுத்தால் இருவருக்குமே லாபம். சொல்லிக் கொடுப்பவனுக்குப் பாடம் இன்னும் ஆழமாகப் பதிகிறது.

தமிழக அரசுப் பள்ளிகளில் 2022-ல் "எண்ணும் எழுத்தும்" திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை அவர்களுடைய நிலைக்கு ஏற்பப் பிரித்துச் சொல்லிக் கொடுக்கும் திட்டம். நல்ல எண்ணம். இந்த எண்ணம் மேல் வகுப்புகளிலும் வேரூன்ற வேண்டும்.

தாய்மார்களே!

"எனக்குப் படிப்பு இல்லை. நான் என்ன செய்ய முடியும்?" என்று சொல்லாதீர்கள். உங்களாலும் முடியும்.

பையன் படித்து முடித்ததும், "புத்தகத்தை மூடிவிட்டு எனக்குச் சொல்" என்று கேளுங்கள். அவன் திக்கும் இடம்தான் புரியாத இடம்.

இது வெறும் யோசனை அல்ல. 2006-ல் அமெரிக்காவில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இதைக் கல்லூரி மாணவர்களிடம் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பகுதியினர் பாடத்தை இரண்டு முறை படித்தார்கள். மற்றவர்கள் ஒரு முறை படித்துவிட்டு, பார்க்காமல் எழுதினார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், இரண்டு முறை படித்தவர்களுக்கு 100-க்கு 42 பங்கு நினைவில் இருந்தது. பார்க்காமல் எழுதியவர்களுக்கு 56 பங்கு!

அடுத்ததாக, "ஏன்?" என்று கேளுங்கள். மனப்பாடம் செய்தவன் "ஏன்" என்றதும் நின்றுவிடுவான். புரிந்தவன் உங்களுக்கு விளக்குவான்.

"மண்டு" என்ற சொல்லை மட்டும் வீட்டில் பேசாதீர்கள். அந்தச் சொல் முள்ளை எடுக்காது. இன்னும் ஆழமாகக் குத்தும்.

மார்க் அட்டை வரும்போது, "எத்தனை?" என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள்.

"எந்த இடம் புரியவில்லை கண்ணு?" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.