பழச்சாறுக்குள் விஸ்கி!

கசப்பு போகும்; போதை போகாது

சேத்துப்பட்டு, திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆரணிப் பக்கம் உள்ள ஊர். பட்டுத் தறியை நம்பிப் பல குடும்பங்கள் வாழும் வட்டாரம் அது.

அங்கே ஒரு கல்யாண வீடு என்று வைத்துக்கொள்வோம். பட்டணத்தில் இருந்து வந்த வாலிபன் ஒருவன் பின்கட்டில் கண்ணாடித் தம்ளர்களை அடுக்குகிறான். கொஞ்சம் விஸ்கி, நிறைய ஆரஞ்சுச் சாறு, அரை மூடி எலுமிச்சை, ஐஸ்கட்டி. இதற்குக் "காக்டெயில்" என்று பெயர்.

"குடிங்க மாமா! பழச்சாறு மாதிரிதான் இருக்கும். ஒண்ணும் செய்யாது!"

தறிக்கார மாமா குடிக்கிறார். நெடி இல்லை. இனிப்பாக இருக்கிறது. இன்னொரு தம்ளர் கேட்கிறார்.

உண்மையிலேயே ஒன்றும் செய்யாதா?

கணக்கு என்ன சொல்கிறது?

நம் நாட்டு விஸ்கியில் 100 பங்குக்கு ஏறக்குறைய 43 பங்கு ஆல்கஹால் இருக்கிறது. 60 மில்லி விஸ்கியில் சுமார் 26 மில்லி ஆல்கஹால்.

அதில் 200 மில்லி பழச்சாறு ஊற்றினால் ஆல்கஹால் குறையுமா? ஒரு சொட்டுக்கூடக் குறையாது! காரம் மட்டும்தான் குறைகிறது. அந்த 26 மில்லியும் தம்ளருக்குள்தான் இருக்கிறது.

அப்படிக் கலந்த பிறகும் அதன் வேகம் 100-க்கு 10. சாதாரண பீரின் வேகம் 100-க்கு 5. பழச்சாறு போல இனிக்கும் இந்தப் பானம், பீரைப் போல இரண்டு மடங்கு வேகம் கொண்டது.

ஒரு தம்ளரில் உள்ள ஆல்கஹாலை எரித்துத் தீர்க்க மனிதனின் ஈரலுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் இரண்டாவது தம்ளர் வந்துவிட்டால் ஈரல் என்ன செய்யும்? மிச்சம் ரத்தத்தில் ஓடும். கால் தள்ளாடும்.

விஸ்கியைத் தனியாகக் குடித்தால் தொண்டை எரியும். "போதும்" என்று எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையைப் பழம் மூடி மறைத்துவிடுகிறது. ஆபத்து இங்கேதான்!

பழைய தந்திரம்

பழத்தைச் சாராயத்தோடு கலப்பது புதிது அல்ல. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்திலேயே வெள்ளைக்கார மாலுமிகள் நம் துறைமுகங்களில் சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர், வாசனைச் சரக்கு ஆகிய ஐந்தையும் கலந்து குடித்தார்கள். அதற்கு "பஞ்ச்" என்று பெயர். ஐந்து என்று பொருள்படும் இந்திச் சொல்லில் இருந்து வந்த பெயர் என்பார்கள்.

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தது. கள்ளச்சாராயத்தின் நாற்றத்தை மறைக்கப் பழச்சாறும் தேனும் கலந்தார்கள். நாற்றம் மறைந்தது. விஷம் மறையவில்லை. பலர் மாண்டார்கள்.

வட ஆற்காடு கண்ட மதுவிலக்கு

சேத்துப்பட்டு வட்டாரத்துக்கு மதுவிலக்கு புதிது அல்ல. ராஜாஜி முதல்-மந்திரியாக இருந்தபோது, 1937-ல் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1939-ல் அது அப்போதைய வட ஆற்காடு ஜில்லாவுக்கும் வந்தது. 1948-ல் சென்னை மாகாணம் முழுவதும் பரவியது.

1971-ல் கடைகள் திறந்தன. பிறகு மூடின. 1981-ல் மீண்டும் திறந்தன. 2003-ல் சில்லறை விற்பனையை அரசாங்கமே "டாஸ்மாக்" மூலம் எடுத்துக்கொண்டது.

2023-ல் 500 கடைகள் மூடப்பட்டன. கடை குறைந்தது. வருமானம் குறைந்ததா? இல்லை! 2024-25-ல் மது மூலம் அரசாங்கத்துக்குக் கிடைத்தது 48 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். கடையை மட்டும் எண்ணினால் போதாது என்பதை இது காட்டுகிறது. குடி, வீட்டுக்குள் வந்துவிட்டதா என்றும் பார்க்க வேண்டும்.

கோர்ட்டு கேட்ட கேள்வி

விஸ்கியைப் பழச்சாறு போலக் காகிதப் பெட்டியில் அடைத்து விற்கிறார்கள். 2025 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு இதுபற்றிக் கவலை தெரிவித்தது. பார்த்தால் மது என்றே தெரியாது, மாணவர்கள் பள்ளிக்கூடத்துக்கே கொண்டுபோய்விடக் கூடும் என்பதுதான் அந்தக் கவலை.

வீட்டுத் தம்ளருக்கும் இதே கேள்வி பொருந்தும். மேஜை மேல் மிச்சம் இருக்கும் ஆரஞ்சு நிறப் பானத்தை ஐந்து வயதுக் குழந்தை எடுத்துக் குடித்தால்? குழந்தைக்குக் கொஞ்சம் ஆல்கஹாலே ரத்தத்தில் சர்க்கரையைக் குறைத்து மயக்கத்தில் தள்ளிவிடும்.

கண்ணைப் பறிக்கும் விஷம்

சிலர் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். விஸ்கி விலை அதிகம் என்று, மலிவாகக் கிடைக்கும் சாராயத்தில் பழச்சாறு கலக்கிறார்கள். இது சாவோடு விளையாடும் விளையாட்டு!

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் 60 பேருக்கு மேல் பலி வாங்கியது. அதில் இருந்தது மெத்தனால் என்ற தொழிற்சாலை விஷம். ருசியில் வித்தியாசம் தெரியாது. உடலுக்குள் போனதும் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்கும். முதலில் தலைவலி, வாந்தி, வயிற்று வலி. பிறகு கண் முன் பனி மூடியது போல் இருக்கும். ஒரு நாள் கழித்தும் இந்தக் குறிகள் வரலாம். "போதை தெளியட்டும்" என்று படுக்க வைக்கக் கூடாது. உடனே 108-க்குப் போன் செய்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

வீட்டில் பழத்தைப் புளிக்க வைத்துச் சாராயம் காய்ச்சுவதும் சட்டப்படி குற்றம்தான்.

வீட்டார் செய்ய வேண்டியது

குடிக்கும் அளவில் எதுவுமே உடலுக்குப் பத்திரமானது அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் அறிவித்தது. ஆகவே வேண்டாம் என்பவரைக் கட்டாயப்படுத்துவது பெரிய தவறு. பழச்சாறு என்று சொல்லி விஸ்கியைக் கொடுப்பது அதைவிடப் பெரிய தவறு. தம்ளரில் என்ன இருக்கிறது என்பதை வாய் திறந்து சொல்ல வேண்டும். குடித்தவர் கையில் வண்டிச் சாவி இருக்கக் கூடாது. குடியை விட விரும்புவோர் 14446 என்ற எண்ணில் இலவசமாக ஆலோசனை கேட்கலாம்.

பட்டுத் தறியில் உட்கார்ந்தவருக்கு இரண்டே சொத்து. நடுங்காத கை ஒன்று. தலைமயிரை விட மெல்லிய இழையைப் பார்க்கும் கண் மற்றொன்று. அறுந்த இழையை முடிந்துகொள்ளலாம். பார்வை போனால் முடிய முடியுமா?

கல்யாண வீட்டுக்கு வந்த மாமாவுக்கு ஆரஞ்சுச் சாறு கொடுங்கள். ஆரஞ்சுச் சாறு மட்டும் கொடுங்கள்!