கடை வாசல் யாருடையது?



கடைக்கு உள்ளே இருப்பது கடைக்காரருக்குச் சொந்தம். தெரு எல்லோருக்கும் பொது. இவ்விரண்டுக்கும் நடுவே நான்கைந்து அடி அகலத்தில் ஒரு துண்டு நிலம் கிடக்கிறதே, அது யாருடையது? அதைக் கூட்டிப் பெருக்க வேண்டியவர் யார்? அதன் அடியில் ஓடும் சாக்கடை அடைத்துக்கொண்டால் பதில் சொல்ல வேண்டியவர் யார்? மாடியின் பூச்சு பெயர்ந்து நடந்து செல்பவர் தலையில் விழுந்தால் அந்தப் பழி யாரைச் சேரும்?

இவை நகராட்சி அலுவலகத்தில் பேசித் தீர்க்க வேண்டிய சங்கதிகள், குடும்பப் பத்திரிகையில் இவற்றுக்கென்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணியிருந்தேன். இந்தக் கேள்வி என் உம்மாவை நான்கு மாதம் படுக்கையில் தள்ளிய பிறகுதான், இது நம் வீடுகளின் கேள்வியும்கூட என்பது எனக்குப் புரிந்தது.

என் தாய்மாமா 1960களின் தொடக்கத்தில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிச் சிங்கப்பூருக்குச் சென்றவர். பிறர் கடையில் கணக்கெழுதிக் காலம் தள்ளி, பின்னர் சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் சொந்தமாக மளிகைக்கடை வைத்தார். மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை ஊருக்கு வரும்போது, பிள்ளைகளாகிய நாங்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்து அக்கரைச் சீமைக் கதைகளைக் கேட்போம். அந்தக் கதைகளில் அடிக்கடி வரும் சொல் ‘அஞ்சடி’. “அஞ்சடியில் ஒரு மூட்டையைப் போட்டு வைத்தேன் தம்பி, அதிகாரி வந்து அபராதச் சீட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்” என்பார். அவர் குரலில் கோபமும் இருக்கும், அந்த ஒழுங்கின் மீது ஒரு மரியாதையும் இருக்கும்.

அஞ்சடி என்பது சிங்கப்பூரின் பழைய கடைவீடுகளுக்கு முன்னால் கூரை வேய்ந்தாற்போல் அமைந்திருக்கும் நடைபாதை. ஒரு கடையின் முகப்பிலிருந்து அடுத்த கடையின் முகப்புக்கு வெயிலும் மழையும் படாமல் நடந்து போகலாம். 1822ஆம் ஆண்டு, ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் நகர அமைப்புக் குழுவினருக்கு விடுத்த அறிவுரைகளில், ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னே தாழ்வாரம் இருக்க வேண்டும், அது எந்நேரமும் திறந்து, தெரு நெடுகத் தொடர்ந்து செல்லும் பொதுவழியாக விளங்க வேண்டும் என்று விதித்தார். நம் கடற்கரை ஊர்களிலிருந்து சென்ற சூலியா வணிகர்களுக்கும் அந்தத் திட்டத்தில் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. ஆகவே அஞ்சடியின் வரலாற்றில் நம்மவர்களுக்கும் பங்குண்டு.

இந்த ஏற்பாட்டின் நுட்பத்தைக் கவனியுங்கள். நிலம் கடைக்காரருடையது. கட்டும் செலவும் அவருடையது. நடக்கும் உரிமையோ ஊராருடையது. சொந்தமும் பொதுவும் ஒரே இடத்தில் சேர்ந்திருப்பதால் சச்சரவும் அங்கேயே முளைத்தது. வணிகர்கள் அஞ்சடியில் சாமான்களை அடுக்கினர், பெட்டிகளைப் போட்டனர். நடப்பவர்கள் வண்டிகள் ஓடும் சாலையில் இறங்க நேர்ந்தது. 1888ஆம் ஆண்டு பிப்ரவரியில் நகராட்சி ஒரேயடியாக அஞ்சடிகளைக் காலி செய்யப் புறப்பட்டபோது கடைகள் மூடப்பட்டன; கல்லெறி நடந்தது. மூன்று நாட்கள் நகரம் கொந்தளித்தது. இறுதியில், மக்கள் நடந்து செல்லப் போதிய வழியை விட்டுவைத்தால் போதும் என்ற சமரசத்தில்தான் அமைதி திரும்பியது.

சட்டம் நியாயமானதாக இருந்தாலும், அதை நேற்றுவரை உறங்கவிட்டு இன்று தடியோடு எழுப்பினால் மக்கள் மனம் ஏற்காது என்பது அந்த நிகழ்ச்சி தரும் பாடம். பிற்காலத்துச் சிங்கப்பூர் இதை உணர்ந்து நடந்தது என்றே சொல்ல வேண்டும். 1968 அக்டோபரில் நகரத் தூய்மை இயக்கத்தைத் தொடங்கியது. அதே ஆண்டில் பொதுச் சுகாதாரச் சட்டத்தையும் இயற்றியது. தெருவோரத்தில் உணவு விற்றவர்களை விரட்டுவதோடு நிற்கவில்லை. 1971 முதல் 1986 வரை, தண்ணீர்க் குழாயும் கழிவுநீர் வடிகாலும் உள்ள அங்காடி நிலையங்களைக் கட்டி அவர்களை அங்கே குடியமர்த்தியது. பிழைப்புக்கு ஓர் இடத்தைக் காட்டிவிட்டுப் பாதையைக் கேட்டது. ஏழையின் தட்டைப் பறித்துத் தெருவை அழகாக்குவது தூய்மை ஆகாதல்லவா?

இன்று அங்கே கட்டட உரிமையாளரின் கடமை வாசலைக் கூட்டுவதோடு முடிவதில்லை. கட்டி இருபது ஆண்டுகளைக் கடந்த, பதின்மூன்று மீட்டருக்கு மேல் உயரமுள்ள கட்டடங்களின் வெளிமுகப்பை ஏழாண்டுகளுக்கு ஒருமுறை தகுதி பெற்ற வல்லுநரைக் கொண்டு சோதிக்க வேண்டும் என்ற விதி 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன் காரணம் எளிது. சுவரில் மயிரிழை போன்ற வெடிப்பு வழியே மழைநீர் புகுகிறது. உள்ளிருக்கும் இரும்புக்கம்பி துருப்பிடிக்கிறது. துருப்பிடித்த இரும்பு பருத்துத் தன்மேல் உள்ள சிமெண்டை வெளியே தள்ளுகிறது. ஒரு நாள் அந்தத் துண்டு கீழே விழுகிறது. கீழே போகிறவர் யார் என்று அது பார்ப்பதில்லை. ஆகவே வெளிச்சுவரைப் பேணுவது அலங்காரத்துக்காக அல்ல, உயிருக்காக.

தேங்கிய நீரும் அப்படித்தான். டெங்குவைப் பரப்பும் கொசு நாம் அருவருக்கும் சாக்கடையைவிடக் கடைக்குப் பின்னால் வீசப்பட்ட டயரிலும், கொட்டாங்கச்சியிலும், தார்ப்பாயின் மடிப்பிலும் நிற்கும் தெளிந்த நீரையே விரும்புகிறது. முட்டை முழுக் கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் போதும். ஆகவே வாரம் ஒருமுறை அந்த நீரைக் கொட்டிவிட்டால் அதன் வாழ்க்கைச் சங்கிலி அறுந்துவிடும். சிங்கப்பூரில் கொசு வளரும்படி விட்ட இடத்துக்காரர் அபராதம் கட்டுகிறார். கடித்தது எந்தக் கொசு என்று கண்டுபிடிக்க முடியாது. வளர்ந்தது எங்கே என்று கண்டுபிடிக்க முடியும்.

இவையெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த ஒழுங்குகள் என்று நம்மில் சிலர் கருதுகிறார்கள். நம் நாகரிக வரலாற்றில் ‘முஹ்தஸிப்’ என்றொரு அதிகாரி இருந்ததை அவர்கள் மறந்துவிட்டார்கள். எடையையும் அளவையும் சரிபார்த்த அந்த அங்காடிக் கண்காணிப்பாளரின் பார்வை கடை வாசலிலும் பதிந்திருந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த அஷ்ஷைஸரீ, அந்த அதிகாரிகளுக்கென்றே ஒரு கையேடு எழுதினார். அங்காடியின் கூரையைத் தாங்கும் தூண்களின் வரிசையைத் தாண்டி எந்த வணிகரும் தம் பலகையை வெளியே நீட்ட அனுமதிக்கலாகாது, அது நடப்பவர்களுக்கு இடைஞ்சல் என்பது அதில் உள்ள விதி. அங்காடியில் சேரும் சேற்றையும் குப்பையையும் அங்குள்ளவர்களைக் கொண்டே அகற்றச் செய்ய வேண்டும் என்பதும் அதில் உண்டு. ராஃபிள்ஸுக்கு அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே தூண் வரிசை என்ற கோடு கிழிக்கப்பட்டாயிற்று! பாதையில் கிடக்கும் இடரை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளையென்று மதரஸாவில் ஓதிய நமக்கு, அந்த இடரை நாமே கொண்டுபோய் வைப்பது எந்தக் கணக்கில் சேரும் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

இனி மாமாவின் கதைக்கு வருகிறேன். 1990களின் நடுவில் அவர் சிங்கப்பூர்க் கடையைக் கைமாற்றிவிட்டு ஊர் திரும்பினார். கை சும்மா இருக்குமா? கடைத்தெருவில் ஓர் இடத்தை வாங்கி மளிகைக்கடை திறந்தார். சாக்கடையின் மேல் சிமெண்டுப் பலகை போட்டு மூடினார். அதன்மேல் இரண்டு படிகள் எழுப்பினார். படிக்கு முன்னால் எண்ணெய் டின்களும் வெங்காய மூட்டைகளும் வரிசை கட்டின. மேலே தார்ப்பாய் பந்தல். “என்ன மாமா, அஞ்சடியை மறந்துவிட்டீர்களா?” என்று ஒரு நாள் கேட்டேன். “அங்கே கேட்க ஆள் இருந்தது தம்பி. இங்கே யார் கேட்கப்போகிறார்கள்? பக்கத்துக் கடையைப் பார், என்னைவிட இரண்டடி முன்னால் நிற்கிறான்” என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் பங்கையும் நான் ஒளிக்கக் கூடாது.

சில ஆண்டுகள் சென்றன. ஐப்பசி மழை. மஃரிபுக்குச் சற்று முன்னர் உம்மா தம் உடன்பிறந்தவரின் கடைக்குப் போனார். மூடிய சாக்கடையில் மண் அடைத்து, நீர் படிவரை ஏறி நின்றது. பலகையின் ஓரம் எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. மூட்டைகளை ஒதுங்கிச் சுற்றிப் போகக் கால் வைத்தவர் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை, நான்கு மாதப் படுக்கை. அதன்பின் இன்றுவரை ஊன்றுசட்டம் இல்லாமல் அவரால் நடக்க முடியவில்லை.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் மாமா நெடுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: “அங்கே முப்பது வருஷம் வாசலைச் சுத்தமாக வைத்திருந்தேன். சுத்தத்துக்காக என்று நினைத்துக்கொண்டிருந்தேன் தம்பி. அபராதத்துக்காகத்தான் போலிருக்கிறது.”

உம்மா வீடு திரும்பும் முன்பே அவர் ஆள் வைத்துப் பலகையையும் படிகளையும் உடைத்தார். தூக்கி எடுக்கக்கூடிய இரும்புச் சட்டத்தைச் சாக்கடையின் மேல் போட்டார். சரக்கைக் கதவுக்கு உள்ளே இழுத்துக்கொண்டார். வியாபாரம் சில நாள் குறைந்தது உண்மை. அண்டைக் கடைக்காரர்களில் ஒருவர் அவரைப் பின்பற்றினார். மற்றவர்கள் பின்பற்றவில்லை.

சாக்கடையை ஏன் தூர்வாரவில்லை என்று கேட்டால், கடைக்காரர்கள் மூடிவிட்டார்கள் என்கிறது நகராட்சி. ஏன் மூடினீர்கள் என்றால், நகராட்சி தூர்வாராததால் நாற்றம் தாங்கவில்லை என்கிறார்கள் கடைக்காரர்கள். இரு தரப்பிலும் உண்மை உண்டு. ஆனால் இந்த இரண்டு உண்மைகளுக்கும் நடுவில்தான் வயோதிகர்களும், பார்வையற்றோரும், கைக்குழந்தையோடு வரும் தாய்மார்களும் விழுகிறார்கள். அடுத்தவர் தொடங்கட்டும் என்று காத்திருப்பவர்களால் எந்த ஊரும் சுத்தமானதில்லை.

நம் சமுதாயத்துக்கு இதில் கூடுதலான பொறுப்பு ஒன்று உண்டு. நம் பள்ளிவாசல்கள் பலவற்றுக்குக் கடைத்தெருவில் வக்ஃப் கடைகள் இருக்கின்றன. வாடகை வசூலைக் கணக்குப் பார்க்கும் நிர்வாகிகள், அந்தக் கட்டடத்தின் வெளிச்சுவரை அண்ணாந்து பார்ப்பதுண்டா? வாடகை ஒப்பந்தம் எழுதும்போது, வாசல் யாருடைய பொறுப்பு, வடிகால் யாருடைய பொறுப்பு, வெளிப்பூச்சு யாருடைய பொறுப்பு என்று மூன்று வரி சேர்த்து எழுதினால் பல சச்சரவுகள் பிறக்கும் முன்பே தீர்ந்துவிடும். அல்லாஹ்வுக்காக விடப்பட்ட சொத்தின் முகப்பு, அல்லாஹ்வின் அடியார்களுக்கு இடையூறாக நிற்கலாமா?

வணிகம் செய்யும் சகோதரர்களே! இன்று இரவு கடையைச் சாத்திய பின் தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று உங்கள் வாசலை ஒரு முறை பாருங்கள். ஊன்றுகோலோடு ஒரு முதியவர் இருட்டில், மழையில் அந்த வழியே வருவதாக நினைத்துக்கொள்ளுங்கள். எதை அகற்ற வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். பொருள் வாங்கச் செல்லும் சகோதரிகளே! வழிவிட்டு வைத்திருக்கும் கடைக்காரரிடம், அதற்காகவே அவர் கடைக்கு வந்ததாக ஒரு சொல் சொல்லுங்கள். அபராதச் சீட்டு செய்யாததை அந்தச் சொல் செய்யக்கூடும்.

மாமா மர்ஹூமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. அவர் மகன் கடையை நடத்துகிறார். வெள்ளிக்கிழமை தோறும் ஜும்ஆவுக்குக் குளிக்கப் போகும் முன், அந்த இரும்புச் சட்டத்தைத் தூக்கி, அடியில் சேர்ந்த மண்ணை வாரிவிட்டு, மறுபடியும் பொருத்துகிறார். அவருக்கு அபராதம் விதிக்க யாரும் வருவதில்லை. உம்மா மட்டும் எப்போதாவது ஊன்றுசட்டத்தோடு அந்த வழியே வருகிறார். இப்போதெல்லாம் ஒதுங்காமல், சுற்றாமல், நேராகவே நடந்து போகிறார்.