மூக்கில் தொடங்கும் இழுப்பு

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால், வலங்கைமானில் எந்தெந்த வீட்டுப் பிள்ளைக்கு இழுப்பு வந்திருக்கிறதென்பதை வகுப்பின் வருகைப் பதிவேட்டைப் பார்த்தே நாம் சொல்லிவிடலாம். முதல் நாள் மூக்கு ஒழுகும், மறுநாள் இருமல், மூன்றாம் நாள் பையன் வரமாட்டான். விசாரித்தால், "வாழைப்பழம் தின்றான், அதுதான்" என்பார் பாட்டியார். வாழைப்பழம், தயிர், எண்ணெய் ஸ்நானம் இவற்றில் எதன்மேலும் பழி விழாத வருஷமில்லை.

உண்மைக் குற்றவாளி அந்த மூக்கொழுகலே. 1995-இல் இங்கிலாந்தில் ஸவுதாம்ப்டன் நகரத்து ஆராய்ச்சியாளர், ஆஸ்த்மா உபத்திரவமுள்ள 9 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகளைக் கவனித்து வந்து வெளியிட்ட முடிவு இது: இழுப்பு வந்த தடவைகளில் ஐந்துக்கு நான்கில் வைரஸ் கிருமி காணப்பட்டது. அவற்றுள் மிகுதி, சாதாரண ஜலதோஷத்தை உண்டாக்கும் ரைனோவைரஸ். 1950-களில் கண்டறியப்பட்ட இக்கிருமியில் 160 வகைகளுக்குமேல் உண்டு. அதனால்தான் இதற்கு இன்னும் தடுப்பூசி வாய்க்கவில்லை. கானடாவில் கோடை விடுமுறை முடிந்து செப்டம்பரில் பள்ளி திறந்த இரண்டு மூன்று வாரங்களில் ஆஸ்த்மாக் குழந்தைகள் ஆஸ்பத்திரிகளில் குவிவது ஆண்டுதோறும் நடக்கிறது. அங்கே வாழைப்பழத்தைக் குறை கூறுவார் இல்லை!

மற்றவருக்கு மூக்கோடு போகும் ஜலதோஷம் இக்குழந்தைகளுக்கு நெஞ்சில் இறங்குவானேன்? இவர்களுடைய சுவாசக் குழாய்களின் உட்சவ்வு முன்பே வீங்கியிருக்கிறது. வைக்கோல் தூசி, கொசுவர்த்தி, பட்டாசுக்குப் பேர்போன நமதூரின் தீபாவளிப் புகை எல்லாம் அதைச் சீண்டுகின்றன. கிருமி வந்து பெருகியதும் வீக்கம் மிகுந்து, கோழை சுரந்து, தசை இறுகி, மூச்சு செல்லும் வழி ஊசித் துவாரமாகிவிடுகிறது.

அவ்வீக்கத்தை அடக்கவே வைத்தியர் தினந்தோறும் உறிஞ்சும் மருந்தைத் தருகிறார். கோடையில் பையன் ஓடியாடுவதைக் கண்டு, "பழக்கமாகிவிடும்" என்றஞ்சி, வைத்தியரைக் கேளாமலே வீட்டார் புரட்டாசியில் அதை நிறுத்திவிடுகிறார்கள். அது லாகிரி வஸ்துவன்று. மழைக்கு முன் கூரையைப் பிரிப்பார் உண்டா? பிறகு இழுப்பு வந்ததும் ஆண்டிபயாடிக் மாத்திரை வேண்டுமென்று வைத்தியரை நச்சரிப்பார்கள்; அது பாக்டீரியாவைக் கொல்லுமேயன்றி வைரஸை ஒன்றும் செய்யாது. குழந்தை ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாமல் திணறினால், அர்த்த ராத்திரியானாலும் விடியட்டுமென்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

நம் பங்குக்கும் ஒரு குற்றமுண்டு. ஒருநாளும் தவறாமல் வந்த மாணவனுக்குப் பரிசளிக்கிறோம். அவன் தும்மிக்கொண்டே வந்து பரிசு வாங்குகிறான். பக்கத்துப் பையனோ வீட்டில் தலையணையில் சாய்ந்து மூச்சுக்குத் தவிக்கிறான். இவ்வாண்டு அப்பரிசை நாம் கொடுப்பதாக இல்லை.