அம்மாவின் பென்ஷன் யாருடைய பணம்?

நீளமான பதிவு. கோபமான பதிவும்கூட. பொறுமையாகப் படியுங்கள்.

என்னோடு பணியாற்றிய ஆசிரியர் ஒருவர் போன வருடம் காலமானார். அவருடைய ஓய்வூதிய ஆணையிலேயே மனைவியின் பெயர் இருக்கிறது. இருவரும் சேர்ந்து எடுத்த படமும் ஒட்டியிருக்கிறது. ஆனாலும் குடும்ப ஓய்வூதியம் ஏழு மாதம் வரவில்லை. காரணம் ஒரே ஒரு எழுத்து. ஆணையில் அந்த அம்மாவின் இனிஷியல் அவருடைய அப்பா பெயருக்கு. ஆதாரில் கணவர் பெயருக்கு. கல்யாணத்தோடு நம் பெண்களுக்கு இனிஷியல் மாறும் என்பது மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்குத் தெரியாதா? எந்த அலுவலகம் என்று இங்கே எழுதப் போவதில்லை. அங்கே அவர் சொன்ன வார்த்தையைப் பற்றித்தான் பேச வந்தேன்: "கவர்மென்ட் கொடுக்கிற பணம்மா, பொறுமையாத்தான் இருக்கணும்."

கொடுக்கிற பணமாம்!

ஒன்பதாம் வகுப்பில் நான் நடத்தியது ஞாபகம் இருக்கிறதா? ஈ, தா, கொடு. மூன்றும் கேட்பதற்கான சொற்கள்தான். ஆனால் தாழ்ந்தவர் கேட்பது 'ஈ', சமமானவர் கேட்பது 'தா', உயர்ந்தவர் கேட்பது 'கொடு' என்று தொல்காப்பியர் பிரித்து வைத்திருக்கிறார். கணவனை இழந்த ஒரு பெண் கருவூலத்துக்குப் போகும்போது அவள் வாயில் வர வேண்டிய சொல் 'கொடு'. நாமோ அவளை 'ஈ' என்று கைகட்டி நிற்க வைத்திருக்கிறோம்.

நம் ஊர்க்காரர்களுக்குத் தறியை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். மாதக்கணக்கில் குனிந்து ஒரு பட்டுச் சேலையை நெய்து கொடுத்த பிறகு, முதலாளி கூலியை எண்ணி வைத்து, "உன் மேல் இரக்கப்பட்டுத் தருகிறேன்" என்றால் ஒப்புக்கொள்வீர்களா? ஓய்வூதியமும் நெய்து முடித்த சேலைக்குக் கூலிதான். கொஞ்சம் தாமதமாக வருகிற கூலி.

இது என் சொந்தக் கருத்து இல்லை. 1982 டிசம்பர் 17 அன்று நகரா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஓய்வூதியம் அரசு மனம் வைத்துப் போடும் பிச்சை அல்ல, செய்த பணிக்குக் கிடைக்கும் உரிமை என்று தீர்ப்பளித்தது. அந்த நாளைத்தான் ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுகிறோம். மேடை, சால்வை, சாப்பாடு எல்லாம் உண்டு. விதவைகளை மட்டும் யாரும் மேடைக்குக் கூப்பிடுவதில்லை.

அவர்களுக்கும் ஒரு தீர்ப்பு இருக்கிறது. மத்திய அரசு 1964-இல் குடும்ப ஓய்வூதியத் திட்டம் கொண்டுவந்தபோது, அதற்கு முன்பே ஓய்வு பெற்றவர்கள், இறந்தவர்கள் ஆகியோரின் மனைவிமாரை விட்டுவிட்டார்கள். பூனம்மாள் என்பவரும் இன்னும் சிலரும் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1985-இல் வென்றார்கள். 1977 செப்டம்பர் 22 முதல் கணக்குப் போட்டுத் தர வேண்டியதாயிற்று. ஓய்வூதியம் முதுமைக்குப் பாதுகாப்பு என்றால், கணவன் போன பிறகு அந்த முதுமை மனைவியிடம்தானே மிச்சம் இருக்கிறது!

அலுவலகத்தைத் திட்டுவது சுலபம். இனி வீட்டுக்கு வருகிறேன். உறவுக்காரர்கள் சிலருக்கு முகம் சுளிக்கும். சுளிக்கட்டும்.

"அம்மாவுக்கு என்னப்பா செலவு? சாப்பாடு நாங்கதானே போடுறோம்?" இந்தப் பேச்சை எத்தனை வீட்டில் கேட்டுவிட்டேன்! பென்ஷன் அம்மா பெயரில், ஏ.டி.எம். அட்டை மகன் பையில். பூ வாங்கப் பணம் வேண்டாம் என்று ஊர் முடிவு செய்துவிட்டது, சரி. பேத்திக்கு ஒரு பாவாடைத் துணி வாங்கவும் மருமகளைக் கேட்க வேண்டுமா? கணவர் கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதமும் அகவிலைப்படியும்தான் அது. அதையும் மகன்கள் தவணை கட்ட எடுத்துக்கொண்டால்?

குடும்ப ஓய்வூதியம் என்ற பெயரில் 'குடும்பம்' இருப்பதால் பங்கு போடலாம் என்று நினைக்கிறார்கள் போலும். வீடு, நிலம் மாதிரி இது இறந்தவர் விட்டுச் சென்ற சொத்தே அல்ல. ரயில்வே ஊழியர் ஒருவர் எழுதிய உயிலைக் காட்டி அவருடைய உடன்பிறந்தவர் பணத்துக்கு உரிமை கேட்ட வழக்கு உண்டு, வயலட் ஐசக் வழக்கு. குடும்ப ஓய்வூதியத்தை உயிலில் எழுதிவைக்கவே முடியாது, அது மனைவிக்கே என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கணவனே நினைத்தாலும் வேறு ஒருவருக்கு எழுத முடியாததை, மகன் எப்படி எடுத்துக்கொள்வான்? கடன்காரன் கோர்ட்டுக்குப் போனாலும் ஓய்வூதியத்தை ஜப்தி செய்ய முடியாது என்று 1871-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. வெள்ளைக்காரன் விட்டுவைத்ததைப் பெற்ற பிள்ளை விட்டுவைக்கவில்லை.

2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு தமிழக அரசுப் பணியில் சேர்ந்தவர்களைப் பங்களிப்புத் திட்டத்தில் தள்ளினார்களே, அவர்களில் இளம் வயதில் இறந்தவர்களின் மனைவிமாருக்கு மாதாமாதம் வரும் பணம் என்ற பேச்சே இல்லாமல் போயிற்று. சேர்ந்த தொகையை மொத்தமாகக் கொடுத்து அனுப்பினார்கள். அது எனக்குத் தீராத வருத்தம். தனியாக எழுத வேண்டும்.

2023 செப்டம்பர் 15 அன்று நம் காஞ்சிபுரத்தில்தானே மகளிருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் திட்டத்தைத் தொடங்கினார்கள். அதற்கு வைத்த பெயர் 'உரிமைத் தொகை'. 'உதவி' என்று சொல்லவில்லை. நல்ல தமிழ். அந்தச் சொல் முப்பது வருடம் சாக்பீஸ் தூள் தின்றவரின் மனைவிக்கு மட்டும் ஏன் பொருந்தாமல் போகிறது?

என் மாணவர்களில் கருவூலத்திலும் வங்கியிலும் இருப்பவர்களே, உங்கள் மேஜைக்கு ஒரு அம்மா வந்தால் முதலில் உட்காரச் சொல்லுங்கள். என்னென்ன காகிதம் குறைகிறது என்பதை ஒரே தடவையில் எழுதிக் கொடுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்றாகச் சொல்லி அலைய விடாதீர்கள்.

உறவினர்களில் யாருக்காவது இந்தச் சிக்கல் இருந்தால் மாலை ஐந்து மணிக்கு மேல் வீட்டுக்கு வாருங்கள். ஓய்வூதிய ஆணை, இறப்புச் சான்று, ஆதார், வங்கிப் பாஸ்புக் எல்லாவற்றிலும் இரண்டு நகல் வேண்டும். மனு நான் எழுதித் தருகிறேன். மகன் மட்டும் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். அம்மாவும் வர வேண்டும். ஏ.டி.எம். அட்டை அவர் கையில் இருக்க வேண்டும்.