உம்முடைய அம்மாவின் பெயர் என்ன?

வந்த புதிதில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிடுவது சின்ன வேலையல்ல. குளிர்காலமென்றால் உடுப்புப் போடவே அரை மணித்தியாலம் போய்விடும். சப்பாத்து, கோட்டு, தொப்பி, கையுறை எல்லாம் மாட்டிக் கதவைப் பூட்டிய பிறகுதான் பிள்ளைக்கு மூத்திரம் வரும். பஸ்ஸால் இறங்கிப் பார்த்தால் ஒரு கையுறை இருக்காது. கடையில் அப்பிள் குவியலின் அடியில் இருப்பதுதான் அவருக்கு வேண்டும். இவையெல்லாம் பிறகு சொல்லிச் சிரிக்கிற கதைகள். சனக்கூட்டத்துக்குள் பிள்ளையைத் தொலைத்துவிட்டு நிற்கும் பத்து நிமிடம் அப்படியல்ல.

எமக்குத் தெரிந்த ஒரு குடும்பம் ஸ்காபரோவில் ஒரு கடைத்தொகுதிக்குச் சப்பாத்து வாங்கப் போனது. நாலு வயது மகனும் கைக்குழந்தையும் கூட. தாய் விலை பார்க்கிறா. தகப்பன் குழந்தையின் வண்டிலோடு நிற்கிறார். திரும்பிப் பார்த்தால் மகன் இல்லை. "உங்களோடதானே நிண்டவன்?" "நான் உம்மோட எண்டெல்லோ நினைச்சன்!" இரண்டு பேரும் இரண்டு பக்கம் ஓடினார்கள்.

அதற்குள் பாதுகாப்பு ஊழியர் ஒருவர் பிள்ளையைக் கண்டுவிட்டார். சீருடையைக் கண்டதும் பிள்ளை தொங்கவிட்டிருந்த உடுப்புகளுக்குள் போய் ஒளித்துக்கொண்டது. ஒருவாறு வெளியே எடுத்துப் பெயரைக் கேட்டார்கள். பாலர் வகுப்பில் பழகிய கொஞ்ச ஆங்கிலத்தில் பதில் வந்தது. பெயர், "அப்பன்." அம்மாவின் பெயர், "அம்மா." அப்பாவின் பெயர், "இஞ்சாருங்கோ." அம்மா என்றது அவர்களுக்கு எம்மா என்று கேட்டிருக்கிறது. எம்மா என்ற பெண்ணை உடனே வரும்படி ஒலிபெருக்கியில் அழைத்தார்கள். தாய் அதைக் கேட்டபடியேதான் அந்த மண்டபத்தைச் சுற்றி ஓடினா. தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவவுக்கு எப்படித் தெரியும்? இருபது நிமிடத்துக்குப் பிறகே பிள்ளை கையில் கிடைத்தது.

இது அந்த ஒரு வீட்டுக் கதை அல்ல. எமது வீடுகளில் பிள்ளைக்கு இரண்டு பெயர். பள்ளிக்கூடப் பதிவில் உள்ளது ஒன்று. அப்பன், குஞ்சு, ராசாத்தி என்று வாயில் வருவது இன்னொன்று. தாய் தகப்பனின் பெயரைப் பிள்ளை சொல்வது மரியாதை இல்லை என்று பழக்கியிருக்கிறோம். கணவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடாத வீடுகளும் உண்டு. ஊரில் இதனால் கெடுதி வரவில்லை. சந்தியில் நிற்கிற யாரும், "இது இன்னாருடைய பேரன்" என்று முகத்தைப் பார்த்தே வீட்டில் கொண்டுவந்து விடுவார்கள். இங்கே முகத்தைப் பார்த்துச் சொல்ல ஆள் இல்லை. பிள்ளைதான் தன் வாயால் சொல்ல வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இங்குள்ள படிவங்களில் பிள்ளைக்குக் குடும்பப் பெயராகத் தகப்பனின் பெயரை எழுதுகிறோம். தாயின் கடதாசிகளிலோ பல வேளைகளில் அவவுடைய தகப்பனின் பெயர் இருக்கும். பெயரை வைத்து இவர்கள் தாயும் பிள்ளையும் என்று வெளியார் கண்டுகொள்ள முடியாது. ஆகவே தன் முழுப்பெயர், தாயின் பெயர், தகப்பனின் பெயர் மூன்றையும் பிள்ளைக்குப் பாடமாக்கிவிடுங்கள். எங்கள் வாய்க்கு வருகிறபடி அல்ல, இங்குள்ளவர்களுக்கு விளங்குகிறபடி சொல்லப் பழக்குங்கள். மரியாதை குறைந்துவிடாது.

அடுத்தது தொலைபேசி இலக்கம். ரொறன்ரோவில் 416, 647, 437 என்று தொடங்கும் பத்து இலக்கமும் வேண்டும். மூன்று, மூன்று, நாலாகப் பிரித்து ஒரு மெட்டுப் போட்டுப் பாடினால் நாலு வயதுப் பிள்ளையும் சில நாட்களில் பிடித்துக்கொள்ளும். அதுவரைக்கும் கோட்டின் உட்புறத்தில் இலக்கத்தை எழுதிவிடுங்கள். வெளிப்புறத்தில் பெயர் எழுத வேண்டாம். கண்டவர்களும் பெயர் சொல்லிக் கூப்பிட அது வழி செய்யும்.

சுரங்கரயிலுக்கும் முன்கூட்டியே ஓர் ஒப்பந்தம் வேண்டும். ரீ.ரீ.சீ.யில் 2015 மார்ச் முதல் 12 வயதும் அதற்குக் குறைந்தவர்களும் கட்டணமின்றிப் போகலாம் என்பதால் பிள்ளைகளோடு போவது செலவில்லாத காரியம். ஆனால் கதவு யாருக்காகவும் காத்திராது. பிள்ளை மேடையில் நின்றுவிட்டால் அந்த இடத்தை விட்டு அசையக்கூடாது. நீங்கள் திரும்பி வருவீர்கள். பிள்ளை உள்ளே அகப்பட்டுக்கொண்டால் அடுத்த நிலையத்தில் இறங்கி மேடையிலேயே நிற்க வேண்டும். சிறு பிள்ளையென்றால் உள்ளே இருக்கும் பெரியவர்கள் மஞ்சள் நிற அவசரப் பட்டியை அழுத்தி உதவி கேட்பார்கள். மேடையில் நிற்கும் நீங்கள், காத்திருக்கும் பகுதி என்று குறித்த இடத்திலுள்ள பேசும் கருவியின் பொத்தானை அழுத்தி ஊழியரிடம் சொல்லலாம். வீட்டில் இரண்டு கதிரைகளை ரயிலாக வைத்து இதை விளையாட்டாகப் பழக்கலாம்.

பிள்ளையைக் காணவில்லை என்றால் முதலில் பக்கத்திலுள்ள கடை ஊழியரிடம் சொல்லுங்கள். உடுப்பின் நிறத்தையும் சொல்லுங்கள். உடனே கிடைக்காவிட்டால் 911. இவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. ஆங்கிலம் வராவிட்டால் "தமிழ்" என்று மொழியின் பெயரைச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளரைத் தொடர்பில் எடுப்பார்கள்.

கடைசியாக, அந்தப் பிள்ளை ஏன் ஒளித்தது? அந்த வீட்டில் மட்டுமா, சோறு தின்னாத பிள்ளையைப் பார்த்து, "பொலிசிட்டப் பிடிச்சுக் குடுப்பன்" என்று சொல்லாத வீடு எங்களுக்குள் எத்தனை? சீருடையைக் கண்டு எமக்கே நெஞ்சு இடித்த காலம் இருந்தது. சென்றியில் அடையாள அட்டையோடு வரிசையில் நின்றவர்களுக்கு அது மறக்காது. அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் இங்கே பிறந்த, அல்லது கையில் தூக்கி வந்த பிள்ளைக்கு அதை முதுசமாகக் கொடுக்கத் தேவையில்லை. தொலைந்த பிள்ளை தேடிப் போக வேண்டியது பெயர்ப்பட்டி குத்திய கடை ஊழியரிடம், சீருடை போட்டவரிடம், அல்லது பிள்ளைகளோடு நிற்கும் ஒரு தாயிடம். சோறு தீத்துவதற்கு வேறு கதை சொல்லலாம். நரியும் காகமும் இன்னும் இருக்கின்றன.

இன்றிரவு சாப்பாட்டு நேரத்தில் உங்கள் பிள்ளையிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்: "உம்முடைய அம்மாவின் பெயர் என்ன?"