கோப்பை பொது, குவளை தனி

"வெளையாட்டுல என்னய்யா சாதி? நல்லா ஆடுறவன் மேல வருவான், ஆடாதவன் கீழ கெடப்பான்." சமயநல்லூர் டீக்கடை பெஞ்சிலும் இதைச் சொல்கிறார்கள், சென்னையில் தொலைக்காட்சி விவாதத்திலும் இதையே சொல்கிறார்கள். சாதி இந்துக்கள் சொன்னால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அவர்களுக்கு அது வசதியான பேச்சு. இப்போது நம் சேரிப் பிள்ளைகளே அதைச் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். 'தெறமைய காட்டுனா சாதி தன்னால ஓடிரும்' என்று நம்பி மைதானத்துக்குப் போகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது. இது பொய். நூறு வருடத்துக்கு முன்பே ஒரு தலித்தின் இடது கையால் சோதித்துப் பார்க்கப்பட்டு, பொய் என்று நிரூபணமாகிவிட்ட பொய்.

அந்தக் கைக்குச் சொந்தக்காரர் பல்வங்கர் பாலு. தோல் வேலை செய்யும் சாமர் சாதியில் பிறந்தவர். புனேயில் வெள்ளைக்காரர்களின் ஜிம்கானா கிளப்பில் மாதம் 4 ரூபாய் சம்பளத்துக்கு ஆடுகளத்தை உருட்டி, வலை கட்டி, துரைமார் பயிற்சி எடுக்கப் பந்து போட்டுக்கொண்டிருந்தார். பந்து போடத்தான் கூப்பிட்டார்கள், மட்டையைக் கையில் கொடுக்கவில்லை. பந்து போடுவது உழைப்பு, மட்டை பிடிப்பது அந்தஸ்து. அவர் பந்தின் சுழலைப் பார்த்துவிட்டுப் புனே இந்துக்கள் யோசித்தார்கள். வெள்ளையரைத் தோற்கடிக்க வேண்டும். அதற்கு இந்த ஆள் வேண்டும். ஆனால் தீட்டு? ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மைதானத்துக்குள் அவர் தொட்ட பந்தை எல்லாரும் தொடலாம். தேநீர் நேரம் வந்தால் அவர் பெவிலியனுக்கு வெளியே நிற்க வேண்டும். மற்றவர்களுக்குப் பீங்கான் கோப்பை, அவருக்குக் குடித்துவிட்டுத் தூக்கியெறியும் மண் குவளை. சாப்பாடும் தனித் தட்டில்.

இரட்டைக் குவளையை நம்ம ஊர் டீக்கடைக்காரன் கண்டுபிடித்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்குச் சொல்கிறேன். அது படித்தவர்களின் கிரிக்கெட் கிளப்பிலும் இருந்தது.

பிறகு பாலு பம்பாய்க்குப் போனார். 1906ல் அங்கே இந்துக்கள் அணி ஐரோப்பியர் அணியை 109 ரன் வித்தியாசத்தில் தோற்கடித்தபோது பாலுவும் அவர் தம்பி சிவராமும் அந்த அணியில் இருந்தார்கள். 1911ல் இந்திய அணி என்ற பெயரில் இங்கிலாந்து போன குழுவுக்குப் பாட்டியாலா மகாராஜா தலைவர். மகாராஜா விருந்துகளைப் பார்த்துக்கொண்டார், பந்து போட்டது பாலு. அந்த ஒரு பயணத்தில் 114 விக்கெட். இதற்கு மேல் என்ன திறமை வேண்டும்? இனி சாதி ஓடிவிட வேண்டியதுதானே? ஓடவில்லை. பம்பாயின் பெரிய போட்டியில் இந்துக்கள் அணிக்கு யார் தலைவர் என்ற கேள்வி வருடா வருடம் வந்தது. வருடா வருடம் பாலு இல்லை என்பதே பதிலாக இருந்தது. விக்கெட் எடுக்க அவன் கை வேண்டும், அணியை நடத்த அவன் தலை வேண்டாம். 'தலைவர்' என்ற சொல்லில் இருக்கும் தலை யாருடையது என்பதில் சாதி எப்போதும் கவனமாக இருக்கிறது. மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனை 1997 ஜூன் 30 அன்று ஏன் வெட்டினார்கள்? பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் பத்து வருடம், 2006 வரை, ஏன் ஒரு தலித்தைத் தலைவர் நாற்காலியில் உட்கார விடவில்லை? அங்கும் பிரச்சினை தகுதியில்லை. தலைவர் என்ற அந்தச் சொல்தான்.

சரி, அந்த நிலைமை பிறகு மாறியதா? மாறியது. எப்படி மாறியது என்பதைத்தான் நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தருவதில்லை. 1920ல் பாலுவை அணியிலிருந்தே நீக்கினார்கள். தலைமை வழக்கம்போல வேறு சாதியாருக்குப் போனது. தம்பிகள் சிவராமும் விட்டலும் ஆட மாட்டோம் என்று அறிவித்துவிட்டு வெளியேறினார்கள். காரணத்தைப் பகிரங்கமாகச் சொன்னார்கள்: சாதி. பம்பாய் இரண்டுபட்டது. அடுத்த ஆட்டத்துக்குள் ஜிம்கானா இறங்கி வந்தது. பாலு துணைத்தலைவராகத் திரும்ப அழைக்கப்பட்டார். தலைவர் பய் ஆட்டத்தின் நடுவே வெளியே போய், பாலு அணியை நடத்த இடம் விட்டார். 1923ல் விட்டல் இந்துக்கள் அணியின் தலைவரானார். அந்த வருடக் கோப்பையும் அவர்களுக்கே.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 114 விக்கெட்டால் திறக்காத கதவு, 'ஆட மாட்டோம்' என்ற ஒரே சொல்லுக்குத் திறந்தது. பாலுவின் திறமையை அவர்கள் பல வருடம் உறிஞ்சிக் குடித்தார்கள். தம்பிகளின் மறுப்பு ஒரு வாரம்கூட அவர்களுக்குச் செரிக்கவில்லை.

இந்தப் போட்டியின் அமைப்பையும் பார்க்க வேண்டும். 1907ல் ஐரோப்பியர், பார்சிகள், இந்துக்கள் என்று மூன்று அணி. 1912ல் முஸ்லிம்கள் சேர்ந்து நான்கு. 1937ல் கிறிஸ்தவர், யூதர் முதலானோரை 'மற்றவர்கள்' என்று சேர்த்து ஐந்து. 1946 வரை இது நடந்தது. எல்லா மதத்துக்கும் ஓர் அணி உண்டு, 'மற்றவர்கள்' என்பதற்குக்கூட ஓர் அணி உண்டு. தீண்டப்படாதவனுக்கு மட்டும் கிடையாது. அவனை இந்துக் கணக்கில் எழுதிக்கொண்டார்கள். கணக்கெடுக்கும்போது இந்து, தேநீர் கொடுக்கும்போது தீண்டப்படாதவன். 1932ல் தனி வாக்காளர் தொகுதி கேட்ட அம்பேத்கருக்கு எதிராக எரவாடா சிறையில் காந்தி உண்ணாவிரதம் இருந்ததும் இதே கணக்குக்காகத்தான். எங்கள் அணியிலேயே இரு, தலைமையை மட்டும் கேட்காதே. பூனா ஒப்பந்தத்தில் பாலுவும் கையெழுத்திட்டார், காங்கிரஸ் பக்கம் நின்று. 1937 தேர்தலில் பம்பாயில் அம்பேத்கருக்கு எதிராகக் காங்கிரஸ் நிறுத்தியது யாரை? பாலுவைத்தான். இன்னொரு முறை பந்து போடக் கூப்பிட்டார்கள். இந்த முறை எதிரே நின்றவர் அம்பேத்கர். 13,245க்கு 11,225 என்று அம்பேத்கர் வென்றார். பாலுவைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. எவ்வளவு பெரிய ஆட்டக்காரனாக இருந்தாலும் தனக்கென்று ஓர் இடம் இல்லாவிட்டால், அடுத்தவன் ஆட்டத்துக்கே அவன் பந்து போட வேண்டியிருக்கும்.

'அட, இது நம்ம நாட்டுச் சாதிக் கோளாறு, வெள்ளைக்காரன் நாட்டில் விளையாட்டு விளையாட்டாத்தான் இருக்கும்' என்று படித்த நண்பர்கள் சொல்வார்கள். ஜெர்மனியைப் பார்ப்போம். இன்று அந்த நாட்டின் தேசியக் கால்பந்துக் கோப்பை உலகப் புகழ் பெற்றது. அது தொடங்கியது 1935ல், ஹிட்லர் ஆட்சியில். பெயர் சாமர் கோப்பை. நாஜி அரசின் விளையாட்டுத் தலைவன் ஹான்ஸ் ஃபான் சாமர் உண்ட் ஓஸ்டன் தன் பெயரையே கோப்பைக்கு வைத்துக்கொண்டான். முதல் கோப்பையை 1935 டிசம்பரில் ஷால்கேயை 2-0 என்று தோற்கடித்து நியூரம்பெர்க் அணி வாங்கியது. அதே நியூரம்பெர்க் கிளப் 1933 ஏப்ரலிலேயே தன் யூத உறுப்பினர்களை வெளியேற்ற முடிவெடுத்துவிட்டது. அந்த மாதம் தென் ஜெர்மனியின் பதினான்கு கிளப்புகள் ஒரே அறிக்கையில் கையெழுத்திட்டு, யூதர்களை நீக்குவதில் அரசோடு ஒத்துழைப்போம் என்று தாங்களாகவே முன்வந்தன. யூதரின் குடியுரிமையைப் பறித்த நியூரம்பெர்க் சட்டங்கள் வந்தது 1935 செப்டம்பரில்தான். சட்டம் வருவதற்கு முன்பே கிளப் வேலையை முடித்துவிட்டது.

ஜெர்மனிக்காக ஆடிய யூதர் யூலியுஸ் ஹிர்ஷ். 1912ல் நெதர்லாந்துக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் நாலு கோல் போட்டவர். முதல் உலகப்போரில் ஜெர்மனிக்காகச் சண்டையும் போட்டவர். கார்ல்ஸ்ரூஹேயில் அவருடைய கிளப்பும் அந்தப் பதினான்கில் ஒன்று. செய்தியைப் படித்துவிட்டுத் தானே விலகிக்கொண்டார். 1943ல் ஆஷ்விட்ஸுக்கு ஏற்றப்பட்டார், திரும்பவில்லை. நாலு கோல் அவரைக் காப்பாற்றவில்லை. கோப்பை நிற்கவும் இல்லை. 1938 மார்ச்சில் ஆஸ்திரியாவை விழுங்கியதும் வியன்னாவின் யூத கிளப்பான ஹகோவாவை மூடினார்கள். அந்த ஆண்டின் சாமர் கோப்பையை அதே வியன்னாவின் ராபிட் அணி வாங்கியது. 1943 வரை ஆட்டம் நடந்தது, கூட்டம் கைதட்டியது. அங்கே வெளியேற்றப்பட்டவர்களுக்காக எந்தக் கிளப்பும் சேர்ந்து நின்று, 'அப்படியென்றால் நாங்களும் ஆடவில்லை' என்று சொல்லவில்லை. போர் முடிந்து கோப்பையின் பெயரை மாற்றினார்கள். ஆனால் 1964 வரை வெற்றி பெற்றவன் கையில் கொடுத்தது அதே பழைய கோப்பையைத்தான்.

அங்கே வெளியேற்றினார்கள், பிறகு கொன்றார்கள். இங்கே வெளியேற்றுவதில்லை. நம்மை வைத்துக்கொண்டே வேலை வாங்கிக்கொள்கிறார்கள். இரண்டையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டு இடத்திலும் கோப்பை ஒரே வேலையைச் செய்தது: பார், எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று ஊருக்குக் காட்டியது.

இப்போது நம் பக்கத்துக்கு வருவோம். பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் தென்மாவட்டங்களில் எத்தனை கபடி, எத்தனை கிரிக்கெட் போட்டி! சுழற்கோப்பை, நினைவுக்கோப்பை. யார் நினைவு? பனியனில் யார் படம்? நுழைவாயில் பிளெக்ஸில் யார் மீசை? போட்டிக்கு அனுமதி கேட்டு வந்த வழக்குகளில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையே சாதி அடையாளத்தோடு உடை இருக்கக் கூடாது என்று நிபந்தனை போட வேண்டியிருந்தது. சாதி இல்லாத இடத்தில் நீதிபதிக்கு இந்த வேலை எதற்கு? பக்கத்தில் அவனியாபுரம் ஜல்லிக்கட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டைப் பிடிப்பது யார் என்பதில் இல்லை சண்டை. நடத்துவது யார் என்பதில்தான். வழக்கு நடந்து, 2020ல் ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு போட்டுத்தான் நடத்த முடிந்தது.

நம் பிள்ளை தோற்றுக்கொண்டிருக்கும் வரை பிரச்சினையில்லை. ஜெயித்தால்? 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டத்தில் பரீட்சைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பதினோராம் வகுப்பு தலித் மாணவனைப் பேருந்திலிருந்து இறக்கி விரல்களை வெட்டினார்கள். கபடியில் தோற்ற ஆத்திரம் என்றது குடும்பம். 2023 ஜூனில் குஜராத்தின் பாட்டன் மாவட்டத்தில் கிரிக்கெட் பந்தை எடுத்த ஒரு தலித் சிறுவனை மிரட்டினார்கள். தட்டிக்கேட்ட குடும்பத்தில் ஒருவரின் கட்டைவிரலை வெட்டினார்கள். ஏகலைவனிடம் கட்டைவிரலைக் கேட்டு வாங்கினார்கள். இப்போது கேட்பதுகூட இல்லை.

"அப்ப வெளையாடாம வீட்டுல கெடக்கச் சொல்றீகளா?" என்று ஒரு தம்பி கேட்பான். இல்லை தம்பி. ஆடு. நல்லா ஆடு. கபடிப் பாட்டு மூச்சு அறுபடாமல் ஆடு. ஆனால் களத்தில் இறங்கும் முன் மூன்று கேள்வி கேள். கோப்பை யார் பேரில்? எங்க அணிக்குத் தலைவன் யாரு, அவனைத் தேர்ந்தெடுத்தது யாரு? ஆட்டம் முடிஞ்சதும் எல்லாருக்கும் ஒரே பந்தியா, ஒரே டம்ளரா? மூன்றுக்கும் நேரான பதில் வராத போட்டியில் பேர் கொடுக்காதே. நீ ஒருத்தன் மட்டும் விலகினால் உன்னைத் திமிர் பிடிச்சவன் என்பார்கள். அதனால் தனியாக விலகாதே. சிவராமும் விட்டலும் சேர்ந்துதான் விலகினார்கள், காரணத்தையும் ஊரறியச் சொல்லிவிட்டு. நீங்களும் அணியாக விலகுங்கள். ஏன் விலகினோம் என்று எழுதி, ஊராட்சி அலுவலகச் சுவரிலும் டீக்கடைச் சுவரிலும் ஒட்டுங்கள். புறம்போக்கில் ஊருக்குப் பொதுவான மைதானம் கேட்டு மனுக் கொடுங்கள். நம் போட்டியை நாமே நடத்தி எல்லா ஊருக்கும் அழைப்பு வையுங்கள், சாதி இந்துப் பிள்ளைகளுக்கும்தான்.

சமயநல்லூர் 2008 மறுசீரமைப்பு வரை தனித்தொகுதி. அங்கிருந்து எத்தனை முறை நாம் ஆள்களைச் சட்டமன்றத்துக்கு அனுப்பினோம்! அனுப்பியவர்களில் எத்தனை பேரால் கட்சித் தலைமைக்கு எதிராக ஒரு சொல் பேச முடிந்தது? அங்கும் அடுத்தவன் அணியில் பந்து போட்டதுதான் மிச்சம். மைதானத்திலாவது இதை மாற்றத் தொடங்குவோம். வருகிற பொங்கலுக்கு உங்கள் ஊருக்குப் போட்டி நோட்டீஸ் வரும். கையெழுத்துப் போடும் முன் அந்த மூன்று கேள்வியையும் கேளுங்கள்.